மூச்சனின் மூன்று தட்டு

மார்ச் 3, திங்கள்

இன்று தையல் கடையில் ஆறு ஜிப் மாற்றினேன். நான்கு பேன்ட், ஒரு பள்ளிப் பை, ஒரு மழைக்கோட்டு. மழைக்கோட்டுக்காரர் சாதாரண ஜிப்பே போதும் என்றார். நான் கேட்கவில்லை. உள்ளே இருந்தும் வெளியே இருந்தும் இழுக்கிற மாதிரி இரண்டு பக்கமும் பிடி வைத்ததைத்தான் தைத்துக் கொடுத்தேன். "இந்தப் பைத்தியம் உனக்கு என்னிக்குத்தான் தெளியுமோ" என்றார் முதலாளியம்மா. தெளியாது. அறுபத்து நாலு வயதுக்கு மேல் எது தெளிந்திருக்கிறது?

மதியம் சாப்பிடும்போது தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். 'தூரத்து நிலையம்' என்ற விண்வெளித் தொடரின் பழைய படச்சுருளையெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்து மறுபடி ஒளிபரப்பப் போகிறார்களாம். அதற்கு முன்னோட்டமாக ஒரு சிறப்பு நிகழ்ச்சி. பழைய அறிவியல் தொடர்களில் வந்த வில்லன்கள், அரக்கர்கள், மறக்க முடியாத இருபது தருணங்கள். நேயர்கள் ஓட்டுப் போட்டதில் முதலிடம் மூச்சனுக்கு. பதினான்காம் பாகம், விண்வெளி நிலையத்தின் வாசலில் இருக்கும் காற்றறைக் காட்சி.

"அம்மா, மூச்சன் உள்ள இருந்தது நீங்கதானாமே? நெஜமாவா?"

"நான்தான்" என்றேன். வாயில் சோறு இருந்தது. நாற்பது வருடம் கழித்து ஒருத்தி கேட்கிறாள், அதுவும் நான் வாய் நிறைய வைத்திருக்கும்போது.

பெயர்ப் பட்டியலில் என்னைப் போட்டதே இல்லை. 'மூச்சனாக — மூச்சன்' என்றுதான் வரும். எங்கள் இயக்குநரின் யோசனை. எடுத்த காட்சியில் பாதியை வெட்டி எறிவார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறது.

வீட்டுக்கு வந்து இவரிடம், என் வீட்டுக்காரரிடம், சொன்னேன். குதிப்பார் என்று நினைத்தேன். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "எதுக்கு இப்ப அந்தப் பழசெல்லாம்?" என்றார்.

மார்ச் 5, புதன்

அந்தப் பெண் ஒரு தாள் அனுப்பியிருக்கிறாள், நிரப்பித் தரச் சொல்லி. உடையின் எடை என்ன? உள்ளே எப்படிப் பார்த்தீர்கள்? எப்படி மூச்சு விட்டீர்கள்? இதையெல்லாம் ஒரு தடவை எனக்காகவே எழுதி வைக்கிறேன். நாளைக்கு மறந்துபோனால் யாரைக் கேட்பது?

எடை இருபத்திரண்டு கிலோ. கறுப்பு ரப்பர், உள்ளே பஞ்சு. மூச்சனின் தலை என் தலைக்கு மேலே இருந்தது. அவன் கழுத்தில் இருந்த இரண்டு கீறல்கள் வழியாகத்தான் நான் பார்த்தேன். பல்லுக்கு நடுவில் ஒரு குழாய். அதற்குக் காற்று தள்ள மூச்சன் தலைக்குள் ஒரு சின்ன விசிறி. குழாயின் வெளி முனையில் மைக். ஊரையே மிரட்டிய அந்த மூச்சு என் மூச்சுதான். குழாயைக் கடித்துக்கொண்டிருப்பதால் பேச முடியாது. ஜிப் முதுகில். அதை மூடி, மேலே ரப்பர் பட்டையை ஒட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பவள் தலைகீழாக நின்றாலும் திறக்க முடியாது.

அதனால் ஒரு சைகை. நெஞ்சில் மூன்று தட்டு. 'என்னை வெளியே எடு' என்று அர்த்தம். அதைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். உடைக்காரர். படப்பிடிப்பு முழுக்க வேறு எதையும் பார்க்கக் கூடாது, என்னை மட்டும் பார்க்க வேண்டும். அவருடைய வேலையே அதுதான். அவரைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன்.

காற்றறைக் காட்சியில் என்ன நடந்தது? மூச்சன் கையைத் தூக்கிக் கர்ஜிக்க வேண்டும். விசிறி நின்றுவிட்டது. செயற்கைப் புகை உள்ளே புகுந்தது. மூன்று தட்டினேன். மறுபடி மூன்று. பிறகு மண்டி போட்டேன். பிறகு எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன், இவர் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஜிப் வரவில்லை என்று கையாலேயே ரப்பரைக் கிழித்திருந்தார். விரல் நகம் இரண்டு போயிருந்தது. "புகையில ஒண்ணுமே தெரியல, நீ விழுந்ததும்தான் ஓடி வந்தேன்" என்றார்.

இரண்டு நகம் போனவனைப் பார்த்து இருபத்து நாலு வயதுப் பெண் வேறு என்ன நினைப்பாள்?

கத்தரி அந்தக் காட்சியை வெட்டவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவர் வெட்டாமல் விட்டது அதுதான். பார்த்தவர்களுக்கு என் தட்டு வேறு மாதிரி தெரிந்தது. அரக்கன் நெஞ்சில் கை வைத்தான், அவனுக்கும் ஒரு மனசு இருக்கிறது, தன் மூச்சைத் தானே நிறுத்திக்கொண்டான். எத்தனை கட்டுரை, எத்தனை கண்ணீர். நான் மட்டும் அந்தக் காட்சியை இன்றுவரை பார்த்ததில்லை, மனசு வரவில்லை. தெருவில் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் நெஞ்சில் மூன்று தட்டித் திரிந்தார்கள்.

எனக்கு அன்றிலிருந்து மாடிப்படி ஏறினால் இளைப்பு. கைப்பையில் இன்ஹேலர்.

மார்ச் 11, செவ்வாய்

இவர் முகம் இன்னும் சுரைக்காய் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது. பொறாமை என்றுதான் நினைக்கிறேன். முப்பது வருடம் நாடக அரங்கில் உடை மாட்டிவிட்டே காலம் தள்ளியவர். கடைசியில் ஓட்டு எனக்கு விழுந்துவிட்டது. வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடும்?

வெள்ளிக்கிழமை நிலையத்தில் குரல் பதிவு. காட்சி ஓடும்போது நான் பேச வேண்டும். "நீங்களும் வாங்க" என்றேன். முட்டி வலியாம். நேற்று வரை சந்தைக்கு நடந்து போன முட்டி.

மார்ச் 14, வெள்ளி

இன்றைக்கு எழுத முடியாது.

மார்ச் 15, சனி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

சின்ன அறை. சுவரெல்லாம் துணி ஒட்டிய பஞ்சு. அந்தப் பெண் படத் தொகுப்பாளர், முப்பது வயது இருக்கும், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். எனக்குத் தேநீர் வைத்தாள், காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டாள். "அம்மா, ஒரு அதிர்ஷ்டம். அன்னிக்கு எடுத்த மூலச்சுருளே முழுசாக் கெடச்சிருக்கு. கட்டுப்பாட்டறையில பேசிக்கிட்டதுகூட இன்னொரு ஒலித்தடத்துல பதிவாயிருக்கு. நானே இன்னும் முழுசாக் கேக்கல. சேந்து கேப்போம்" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

திரையில் நான் புகைக்குள் நுழைகிறேன். இடது காதில் என் மூச்சு. வலது காதில் கத்தரியின் குரல், 'இன்னும் முன்னால, இன்னும்' என்கிறது.

மூச்சு நிற்கிறது. நான் தட்டுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று.

புகையே இல்லை. அதாவது இருந்தது, இடுப்புக்குக் கீழே. நெஞ்சும் கையும் பளிச்சென்று தெரிகின்றன.

கத்தரி: "என்னய்யா தட்டுறா? சைகையா? நிறுத்தவா?"

பிறகு இவர் குரல். நாற்பது வருடம் இளைய குரல். எத்தனை கூட்டத்தில் பேசினாலும் எனக்குத் தனியாகக் கேட்கிற குரல்.

"சைகை இல்ல சார். நல்லாத்தான் இருக்கா. ஓடட்டும். ரொம்ப நல்லா வருது."

நான் மறுபடி தட்டுகிறேன். மண்டி போடுகிறேன். கத்தரி, "அடேயப்பா" என்கிறார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் குப்புற விழுகிறேன். அதற்குப் பிறகுதான் ஓடி வரும் காலடிச் சத்தம்.

திரையின் ஓரத்தில் விநாடி ஓடிக்கொண்டிருந்தது. முதல் தட்டிலிருந்து அந்தக் காலடி வரை நாற்பத்தொன்று.

அந்தப் பெண் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாள். "அம்மா, அது யாரு?" என்றாள். 'எங்க வீட்டுக்காரர்' என்று சொல்ல வாய் வரவில்லை. "உடைக்காரர்" என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் கேட்டேன். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்று மூன்று தட்டினேன். உடனே எழுந்தார், "என்ன, மூச்சு முட்டுதா?" என்று. பழக்கம். "சைகை இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. தாளை மடித்தார், ரொம்ப நேரம் மடித்தார்.

"அந்தத் தடம் இருக்குதா?" இதுதான் முதல் வார்த்தை. மன்னிச்சிடு இல்லை. தடம் இருக்குதா.

"பாத்தியா இல்லியா?" என்றேன். முப்பத்தெட்டு வருடத்தில் இவரை 'நீங்க' என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. நேற்று ராத்திரியே அது செத்துப்போச்சு போலிருக்கு.

"பாத்தேன்."

"சைகைனு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது." தரையைப் பார்த்தே சொன்னார். "அந்த அறையில அத்தனை பேரும் வாயடைச்சு நின்னாங்க. அப்பிடி ஒண்ண நான் பாத்ததே இல்ல. இன்னும் அஞ்சு விநாடி, இன்னும் அஞ்சு விநாடின்னு... நீ தாங்குவேனு நெனச்சேன்."

"யாரக் கேட்டு நெனச்சே?"

செய்தித்தாளை மறுபடி பிரித்து மடித்தார்.

"ஏன் சொல்லல? முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நாள் கெடைக்கலயா?"

"சொல்லியிருந்தா என்னக் கட்டியிருப்பியா?"

இல்லை. கட்டியிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும், அதனால்தானே சொல்லவில்லை. பொய்யைச் சொல்லி ஒரு பெண்ணை வாங்கினான். அந்த நகம்? நகம் நிஜம்தான். விழுந்த பிறகு பயந்துபோய்க் கிழித்தது. நான் அதைப் பார்த்து உருகினேன். என்னைப் போல ஒரு மக்கு உண்டா?

மார்ச் 19, புதன்

முன்னறையில் படுத்துக்கொள்கிறேன். பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றால் எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார்.

மார்ச் 27, வியாழன்

அக்கா வந்தாள். எதிர் வீட்டிலேயே இருப்பவளிடம் எதையும் எத்தனை நாள் மறைக்க முடியும்? முழுவதையும் கொட்டினேன். அவளுக்கு மூச்சனை அன்றைக்கே பிடிக்காது. வயசுக்கு வந்த பெண் ரப்பரை மாட்டிக்கொண்டு உறுமுவதா என்று அம்மாவிடம் கோள் மூட்டியவள்.

"நாப்பது வருஷம் முன்னாடி நடந்தது. இப்ப உயிரோடதானே இருக்க?"

"அது அவர் தயவு இல்லக்கா."

"சரி, விடுன்னு சொல்ல வரல. அதுக்கப்புறம் நீ தட்டி எப்பவாச்சும் வராம இருந்திருக்காரா? அத மட்டும் சொல்லு."

இதுதான் என்னைக் குடைகிறது. அந்தச் சைகை எங்களோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. சொந்தக்காரர் வீட்டில் சலிப்புத் தட்டினால், கூட்டத்தில் மூச்சு முட்டினால், மகளின் பள்ளியில் தலைமையாசிரியை அறுத்துத் தள்ளும்போது — மூன்று தட்டுவேன். எங்கிருந்தாலும் வந்துவிடுவார். ஒரு தடவை கையில் சோற்றோடு வந்தார். ஒரு தடவை பாதி முகச்சவரத்தோடு, கன்னத்தில் நுரையோடு. 'என் வீட்டுக்காரர் மாதிரி உண்டா' என்று பீற்றிக்கொண்டேன்.

அது அன்பு என்று நினைத்திருந்தேன். அபராதம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? இனி எதை எடுத்துப் பார்த்தாலும் இப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டுமா? போனது நாற்பத்தொரு விநாடி இல்லை. முப்பத்தெட்டு வருடமும் போய்விட்டது.

ஏப்ரல் 2, புதன்

கடையில் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு வேலை செய்தேன். நாற்பத்தொரு விநாடியில் ஒரு பேன்ட் ஜிப்பை முழுவதாகப் பிரித்து எடுத்துவிடலாம், அவசரப்படாமலே.

ஏப்ரல் 6, ஞாயிறு

தொகுப்பாளப் பெண் கூப்பிட்டாள். தயங்கித் தயங்கிப் பேசினாள். அந்த உடைக்காரர் யாரென்று மேலிடத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டுவிட்டாள்.

"அம்மா, அந்தக் குரல் தடத்த நான் யாருக்கும் போட்டுக் காட்டல. நிகழ்ச்சியில சேக்கலாமா வேணாமானு நீங்கதான் சொல்லணும். நீங்க வேணாம்னா அது என்னோட அறைய விட்டு வெளிய போகாது."

அப்போது தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். போடு, ஊரே கேட்கட்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. மனசுள்ள அரக்கன் என்று எத்தனை பேர் உருகினார்கள், யார் அரக்கன் என்று பார்க்கட்டும்.

"வேணாம்மா" என்றேன். ஏனென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. என் மானத்தை ஒரு தடவை படம் எடுத்தது போதும் என்று இருக்கலாம்.

சனிக்கிழமை மாலை அரங்கில் நேயர்கள் முன்னால் விழா. இவரையும் மேடைக்கு அழைக்கலாமா என்று தொகுத்து வழங்குபவர் கேட்கச் சொன்னாராம். "தாராளமாக் கூப்பிடுங்க" என்றேன்.

இவரிடம் அழைப்பிதழை நீட்டினேன். படித்தார். "நீ வரச் சொல்றியா?" என்றார். "உங்க இஷ்டம்" என்றேன். 'நீங்க' திரும்பி வந்துவிட்டது, ஆனால் அதில் சூடு இல்லை.

ஏப்ரல் 12, சனி

விழா முடிந்து வந்துவிட்டோம்.

அறுநூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேர் என் மகளைவிடச் சின்னவர்கள். சிலர் தலையில் அட்டையில் செய்த மூச்சன் முகம். என்னை மேடையில் ஏற்றி, இவர்தான் மூச்சன் என்றதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அறுநூறு கை ஒரே சமயத்தில் நெஞ்சில். தப், தப், தப். என்னை வெளியே எடு, என்னை வெளியே எடு என்று அறுநூறு பேர். அவர்களுக்கு அது மரியாதை. ஏதோ நன்றி சொல்லிவிட்டு முன் வரிசைக்கு இறங்கி வந்துவிட்டேன்.

பிறகு இவரைக் கூப்பிட்டார்கள். நாற்காலி போடவில்லை. மைக்கின் முன் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, நான் போட்டுக் கொடுத்தது இல்லை. அதனால் ஒரு பக்கக் காலர் மடங்கியிருந்தது.

"அந்தத் தருணம் நடந்தப்ப இவங்களப் பக்கத்துல இருந்து பாத்தவர் நீங்க ஒருத்தர்தான். அன்னிக்கு என்ன நடந்துச்சுனு உங்க வாயால கேக்கணும்" என்றார் தொகுத்து வழங்குபவர்.

"அன்னிக்கு... புகை..." என்று ஆரம்பித்தார்.

நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். அந்தப் பொய்யை இன்னொரு தடவை என் முகத்துக்கு முன்னால் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் தெம்பில்லை. நெற்றி வேர்த்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கை மெதுவாக மேலே போயிற்று.

நெஞ்சில் மூன்று தட்டினார்.

அரங்கம் பொங்கிவிட்டது. கைதட்டல், விசில், சிரிப்பு. அறுநூறு பேரும் திருப்பித் தட்டினார்கள், அவரும் மூச்சனுக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்து. அது என்னவென்று தெரிந்தவள் அந்த இடத்தில் ஒருத்திதான்.

நான் எழவில்லை. எண்ண ஆரம்பித்தேன்.

பத்தில் மறுபடி தட்டினார். பதினெட்டில் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஜனங்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் எண்ணுவது அவருக்குத் தெரிந்துவிட்டது. என் உதட்டைப் பார்த்தார், அதன் பிறகு தட்டவில்லை. கையை இறக்கிவிட்டு நேராக நின்றார், தண்டனைக்கு நிற்பது போல. முப்பதில் என் கால் தானாக எழுந்தது. முட்டியைக் கையால் அழுத்தி உட்கார்ந்தேன். முப்பத்தைந்து. இதற்குள் எத்தனை தடவை நான் செத்துப் பிழைத்திருப்பேன் என்று அவரும் எண்ணிப் பார்க்கட்டும். என் கண்ணிலிருந்து எப்போது தண்ணீர் வர ஆரம்பித்தது என்று தெரியவில்லை. நாற்பத்தொன்று.

படியேறிப் போனேன். இளைத்தது. முழங்கையைப் பிடித்தேன். "அவருக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் நிக்க முடியாது" என்று மைக்கில் சொல்லிவிட்டு இறக்கிக்கொண்டு வந்தேன். ஜில்லென்றிருந்தது அவர் கை.

வாடகைக் காரில் பாதி வழி வந்திருந்தோம்.

"முழுசா எண்ணினியா?" என்றார்.

"முழுசா."

தலையை ஆட்டினார். "ரொம்ப நீளம்" என்றார். அழுதார். இந்த மனுஷன் அழுது நான் பார்த்தது மகள் பிறந்தபோது ஒரு தடவை. நான் தேற்றவில்லை. காலரை மட்டும் சரி செய்துவிட்டேன், அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

மன்னித்துவிட்டேனா? இல்லை. கணக்குத் தீர்ந்ததா? அதுவும் இல்லை. உப்பு வேண்டும் என்றார், எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 17, வியாழன்

கடையிலிருந்து வரும்போது மாடிப்படியில் பாதியில் மூச்சு முட்டியது. கைப்பையை மேலேயே மறந்துவிட்டுப் போயிருந்தேன். கதவு திறந்திருந்தது. இவர் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது, என் பக்கம் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷம், கை நெஞ்சுக்குப் போனது. இறக்கிவிட்டேன். அந்தச் சைகையை இனி நான் தொடப் போவதில்லை. அது பொய்யில் ஊறிப்போயிற்று.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, வாயைத் திறந்து கூப்பிட்டேன். "இங்க வாங்க. என்னால முடியல."

இன்ஹேலரோடு வந்தார். எத்தனை விநாடியில் என்று எண்ணவில்லை.